பத்து மணி முதல் பதினொன்று வரை

தெய்வநாயகிக்குக் காலேஜ் போகும் யோகம் நாற்பத்திரண்டாவது வயதில் வாய்த்தது. யோகம் என்று சொன்னது அவளுடைய நாத்தனார். அதில் முக்கால்வாசி கேலி. வெண்ணந்தூர் பஸ் ஸ்டாப்பில் தோளில் பையும் கையில் டிபன் பாக்ஸுமாக அவள் நிற்பதைப் பார்த்தவர்கள், மகளுக்குச் சோறு கொண்டுபோகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். மகள் ஷாலினி பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பது நினைவுக்கு வந்ததும், அப்படியானால் இந்தச் சோறு யாருக்கு என்று கேட்டார்கள். எனக்குத்தான், நான்தான் படிக்கப் போகிறேன் என்று சொல்லிச் சொல்லி ஆடி மாதம் முழுக்க அவளுக்கு வாய் வலித்தது.

மல்லசமுத்திரத்தில் ஒரு பஸ் மாறி, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பெண்கள் கல்லூரி ஒன்றுக்குப் போய்வந்தாள். மழலையர் கல்விப் பட்டயம், ஒரு வருடம். மூன்று வயது நான்கு வயதுக் குழந்தைகளுக்கு எப்படிக் கதை சொல்வது, எப்படி விளையாட வைப்பது, எப்போது ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவது என்றெல்லாம் சொல்லித்தரும் படிப்பு. இதற்கெல்லாமா ஒரு படிப்பு என்று நாத்தனார் மோவாயில் கை வைத்தாள். பிள்ளை பெற்றுவிட்டாலே பிள்ளை வளர்க்கத் தெரிந்துவிடும் என்று நம்புகிற ஊர் நம்முடையது. நம்பிவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன செலவு.

படிப்பின் மேல் இருந்த ஆசையால் சேர்ந்தாள் என்று சொன்னால் அது பொய். அவளைக் காலேஜுக்குத் துரத்தியது வீடு. அந்த வீட்டின் முன்பாதியில் இருபது வருடம் நான்கு விசைத்தறிகள் ஓடின. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தி அலுத்துப்போனால் கை ஜாடை. துண்டு வியாபாரம் படுத்துப்போய் மூன்று வருடத்துக்கு முன் தறிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. அவள் புருஷன் கந்தவேல், பால் காய்ச்சக்கூடத் தெரியாத மனிதர், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒன்றில் சமையல்காரராகச் சேர்ந்து சத்தீஸ்கர் போய்விட்டார். மழைக்காலத்தில் ஒரு மாதம் வண்டி ஊருக்கு வரும். மற்ற நாளெல்லாம் போனில்தான் குடித்தனம். பன்னிரண்டு பேருக்கு ரசம் வைத்தால் புளி எவ்வளவு, சாம்பாரில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பார். அவள் சொல்வாள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்க வாயெடுப்பதற்குள் அங்கே டவர் போய்விடும்.

அப்புறம் அந்த வீட்டில் சத்தம் என்று ஒன்று கிடையாது. சாயங்காலம் சாப்பிட்டு ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தால், தட்டிலிருந்து தண்ணீர் சொட்டுவது கூடத்துக்குக் கேட்கும். இருபது வருடம் தறிச் சத்தத்தில் காது அடைத்துக் கிடந்தவளுக்கு அந்தச் சொட்டுச் சத்தம் பொறுக்க முடியவில்லை. குழந்தைகள் நிறைந்த ஒரு அறை, காலையில் உள்ளே நுழைந்தால் நாலு முகமாவது திரும்பிப் பார்க்கிற ஒரு இடம். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைப் படித்துத்தான் வாங்க வேண்டும் என்றால் படித்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

வகுப்பில் இருபத்தைந்து பேர். மற்ற இருபத்து நான்கு பேருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. முதல் நாள் இவள் உள்ளே நுழைந்ததும் புது டீச்சர் என்று நினைத்து அத்தனை பேரும் எழுந்து வணக்கம் சொன்னார்கள். இவள் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகு, நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அன்றைக்குக் கூச்சத்தில் யாரும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. மரியாதைக்குக் குறைவில்லை, அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எதையாவது இரண்டு இரண்டு பேராகச் செய்யச் சொன்னால் மட்டும் அந்த இருபத்து நான்கு பேரும் கண்மூடித் திறப்பதற்குள் பன்னிரண்டு ஜோடியாகிவிடுவார்கள். ஒருத்தி கதை சொல்ல வேண்டும், இன்னொருத்தி குழந்தையாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஒரு பயிற்சி வந்தது. தெய்வநாயகி ஒரு காலி நாற்காலிக்கு யானைக் கதை சொன்னாள். நன்றாகச் சொன்னாள் என்று பேரும் வாங்கினாள்.

பேர் கொடுத்தது ரஞ்சனி மேடம். மேடத்துக்கு இருபத்தெட்டு வயது. இவளை வாங்க என்பதா, வா என்பதா என்று தெரியாமல் பெரும்பாலும் கண்ணாலேயே கூப்பிடுவாள். நல்ல பெண். கல்லூரி வளாகத்திலேயே ஒரு பாலர் கூடம் இருந்தது. சுற்று வட்டாரத்துக் குழந்தைகள் முப்பது பேர் வேனில் வந்து போனார்கள். ஒவ்வொரு வருடமும் முதல் பருவச் செய்முறையில் முதல் மார்க் வாங்குகிறவளைத் தை மாதத்திலிருந்து அங்கே உதவி ஆசிரியையாக வைத்துக்கொள்வார்கள். படித்துக்கொண்டே வேலை. அதை ரஞ்சனி சொன்ன அன்றே தெய்வநாயகி மனதுக்குள் அந்த அறையில் தன் டிபன் பாக்ஸை வைக்க ஒரு இடம் பார்த்துவிட்டாள்.

செய்முறை என்பது முப்பது நாள் குறிப்பேடு. சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு குழந்தை. தினமும் பத்து மணியிலிருந்து பதினொன்று வரை பாலர் கூடத்தில் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று நேரம் போட்டு எழுத வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. அழுதது என்று எழுதலாம். அம்மாவை நினைத்து அழுதது என்று எழுதக் கூடாது. முப்பது நாள் முடிந்ததும் குழந்தையின் இயல்பை ஒரே வரியில் சொல்லி முடிக்க வேண்டும். அந்த வரி குழந்தையின் கோப்பில் ஏறும்.

இந்த விதிகளைச் சொல்லித்தந்த நாளில் தெய்வநாயகி வகுப்பில் இல்லை. ராசிபுரத்தில் சின்ன மாமியாருக்குக் கருமாதி. புருஷன் சத்தீஸ்கரில் ரசம் வைத்துக்கொண்டிருக்க, குடும்பத்தின் சார்பில் இவள்தான் போய் நின்றாக வேண்டும். மறுநாள் வந்து கயல்விழியிடம் கேட்டாள். கயல்விழி மல்லசமுத்திரத்துப் பெண், ஒரே பஸ்ஸில் வருகிறவள். அவள் தன் நோட்டைப் போட்டோ பிடித்து அனுப்பினாள். ஒரு பக்கம் வந்தது. கடைசி வரியில், பார்வையாளர் குழந்தையோடு பேசவோ சிரிக்கவோ விளையாடவோ கூடாது என்று இருந்தது. தெய்வநாயகி அதை மூன்று தடவை படித்தாள்.

தறிக்காரிக்கு விதி என்றால் விதிதான். நான்கு தறி ஓடும்போது கண்ணை எடுத்தால் நூல் அறுந்தது தெரியாது. தெரியாமல் நாலு விரற்கடை ஓடினாலும் துணியில் பழுது விழும், வாங்குகிறவன் துண்டை முகத்திலேயே விட்டெறிவான். இருபது வருடம் அவள் கண்ணை எடுத்ததில்லை. மற்ற பெண்களெல்லாம் பத்தேகாலுக்கு ஜன்னலை வேடிக்கை பார்ப்பார்கள், பத்தரைக்குப் போனைப் பார்ப்பார்கள். இவள் பத்திலிருந்து பதினொன்று வரை அசையாமல் உட்கார்ந்து எழுதினாள்.

அவளுக்குச் சீட்டில் வந்த குழந்தை யுவஸ்ரீ. மூன்றரை வயது, இரட்டைக் குடுமி, ஒன்றில் எப்போதும் ரிப்பன் அவிழ்ந்திருக்கும். பாலர் கூடத்தில் வாயே திறக்காது. அப்பா போர்வெல் வண்டியில் போய்விட்டார், அம்மா நூல் மில்லில் ஷிப்ட் வேலை என்று ஆயா சொன்னாள். முதல் நாள் பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு யுவஸ்ரீ கூடையிலிருந்து ஒரு சிவப்பு மரக்கட்டையை எடுத்தது. மூலை நாற்காலியில் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும் இந்தப் பெரிய மனுஷியை எட்ட நின்று பார்த்தது. அப்புறம் நேராக நடந்து வந்து கட்டையை அவள் மடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தது.

தெய்வநாயகிக்கு உள்ளங்கால் வரை கூசியது. ஒரு உயிர் தன் முகத்தை இப்படி முழுசாகப் பார்த்து எத்தனை மாதம் ஆகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. என்ன சாமி என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கன்னத்தை உட்பக்கமாகக் கடித்துக்கொண்டு எழுதினாள். பத்து பதினான்கு, குழந்தை கட்டையைப் பார்வையாளரின் மடியில் வைக்கிறது, முகத்தைப் பார்க்கிறது. பத்து பதினைந்து, முகத்தைப் பார்க்கிறது. பத்து பதினாறு, கட்டையை எடுத்துக்கொண்டு செல்கிறது.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு நாள் நீலக் கட்டை, ஒரு நாள் புளியங்கொட்டை, ஒரு நாள் தன் வாயில் பாதி கடித்த பிஸ்கட். ஒவ்வொன்றாக மடியில் வைக்கும், முகத்தைப் பார்க்கும், கொஞ்சம் காத்திருக்கும், எடுத்துக்கொண்டு போய்விடும். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் தெய்வநாயகி மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். இன்னும் இருபது நாள்தான், இன்னும் பத்தொன்பது நாள்தான், அப்புறம் தை பிறந்தால் இந்தக் குழந்தையை நாள் முழுக்க மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

பதினோரு நாள் வந்த குழந்தை பன்னிரண்டாம் நாள் வரவில்லை. கூடையிடம் போனது, கட்டையை எடுத்தது, நாற்காலிப் பக்கம் பார்த்தது, கீழே போட்டுவிட்டது. அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை. மற்ற பெரியவர்களிடமும் போகவில்லை. ஆயா கூப்பிட்டாலும் அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. தெய்வநாயகி அதையும் நேரம் போட்டு எழுதினாள். கன்னத்தைக் கடிக்கிற வேலை மிச்சம் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் நிம்மதிதான் என்று பிற்பாடு அவளே ஒத்துக்கொண்டாள். முப்பதாம் நாள் கடைசி வரி எழுதினாள்: இக்குழந்தை பெரியவர்களை அணுகுவதில்லை.

கார்த்திகை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ரஞ்சனி மேடம் அந்தக் குறிப்பேட்டை வகுப்புக்கு எடுத்துவந்தாள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. குறிப்பு எழுதினால் இப்படி எழுத வேண்டும் என்று சொல்லி, ஒரு பக்கம் விடாமல் சத்தமாகப் படித்துக் காட்டினாள். குழந்தை செய்ததை மட்டும் எழுதும் குறிப்பேடு அது. எழுதியவள் என்ன செய்தாள் என்பதற்கு அதில் இடமே கிடையாது. குழந்தை வந்தபோதெல்லாம் இவள் சிரித்து ஏதாவது சொல்லியிருப்பாள், சொல்லியும் அது ஒதுங்கிவிட்டது என்றுதான் ரஞ்சனி எடுத்துக்கொண்டாள். அதனால்தான் கவலையாக இருக்கிறது, குழந்தையைச் சேலத்தில் டாக்டரிடம் காட்டும்படி பாலர் கூடத்திலிருந்து அம்மாவுக்குச் சொல்லப் போகிறார்கள் என்றாள். படித்து முடித்ததும் இருபத்து நான்கு பேரும் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

அத்தனை முகமும் ஒரே நேரத்தில் தன் பக்கம் திரும்பியதில் தெய்வநாயகிக்குக் காது சிவந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் முகத்தைப் பார்க்கிறது, முகத்தைப் பார்க்கிறது என்று ரஞ்சனியின் குரலில் கேட்டபோதுதான், எழுதும்போது தெரியாத ஏதோ ஒன்று அதில் இருப்பது தெரிந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் கயல்விழி, அத்தனை மாதத்தில் முதல் தடவையாக, அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தொண்ணூற்றெட்டு மார்க்குக்கு அந்த மரியாதை உண்டு. சூப்பர் அக்கா என்று சொல்லிவிட்டு, அந்தப் பாப்பா பதினோரு நாளும் வந்ததே, நீங்கள் அதனிடம் என்னதான் சொன்னீர்கள் என்று கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக் கூடாதல்லவா என்றாள் தெய்வநாயகி.

"ஏனுங்க்கா, வந்தா பதில் சொல்லோணும்னு ரெண்டாவது பக்கத்துல இருக்குதுங்களே."

கயல்விழி போனை எடுத்து மேலும் கீழும் தள்ளி அந்தப் போட்டோவைக் காட்டினாள். குழந்தை தானாக வந்தால் சிரித்து, இரண்டு சொல் பதில் சொல்லி அனுப்பவும். பதில் இல்லாவிட்டால் குழந்தை ஒதுங்கிவிடும், குறிப்பும் கெட்டுவிடும் என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தை இவளுக்கு அனுப்பாமல், பெண்களெல்லாம் சேர்ந்திருக்கும் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறாள். அப்படி ஒரு குழு இருப்பதே தெய்வநாயகிக்கு அப்போதுதான் தெரியும். போட்டோவுக்கு மேலே குழுவின் பெயர் இருந்தது. நாங்க 24.

கயல்விழி நாக்கைக் கடித்துக்கொண்டு போனைக் கவிழ்த்தாள். தெய்வநாயகி பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தச் சின்னப் பெண்ணைக் குற்றம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. பதினெட்டு வயதில் தனக்கும் அப்படி ஒரு குழு கிடைத்திருந்தால் நாற்பத்திரண்டு வயதுக்காரியை அதில் சேர்த்திருக்க மாட்டாள். ஆனாலும் வலித்தது. மல்லசமுத்திரத்தில் கயல்விழி இறங்கிப்போய், அடுத்த பஸ் ஏறி ஊர் வந்து சேரும் வரை வலித்தது.

சனிக்கிழமை முழுக்க அவள் தனக்குள் வழக்காடினாள். வேண்டுமென்று செய்யவில்லை, எனக்குத் தெரியாது. தொண்ணூற்றெட்டு மார்க் யாரும் பிச்சை போட்டதல்ல. டாக்டர் பார்த்துக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடப் போகிறார், ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான். வேலை மட்டும் கிடைத்துவிட்டால் யுவஸ்ரீயை நானே பார்த்துக்கொள்வேன். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. கழுவிய தட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஷாலினி போன் பண்ணுவாள். சாப்பாடு, தூக்கம், ஹாஸ்டல் தண்ணீர் என்று ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நல்ல பெண், சின்ன வயதிலிருந்தே தொந்தரவு கொடுத்ததில்லை என்று தெய்வநாயகி ஊரெல்லாம் பெருமையாகச் சொல்வாள். மூன்று வயதில் ஷாலினி தறிப்பக்கம் வந்து முந்தானையை இழுக்கும். வேலை இருக்குது, அப்பறம் வா என்று திரும்பாமலே ஒரு கை ஜாடை. கொஞ்ச நாளில் வருவது நின்றுவிட்டது. பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்றுதான் அப்போது நினைத்தாள். அன்றைக்கு என்னவோ தோன்றி, சின்ன வயதில் தறிக்கிட்ட வந்து என்ன சாமி கேட்பாய், ஞாபகம் இருக்கிறதா என்று போனில் கேட்டாள்.

ஷாலினி யோசித்தாள். "அதெல்லாம் ஞாபகமில்லம்மா. உன் முதுகுதான் ஞாபகம் இருக்கு. பச்சை ஜாக்கெட்டு, வேர்த்து நனைஞ்சிருக்கும்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குச் சொன்னாள், அப்புறம் ரூம் தோழி கூப்பிடுகிறாள் என்று வைத்துவிட்டாள். தெய்வநாயகி போனைக் கையில் வைத்துக்கொண்டு, தறிகள் இருந்த வெறும் தரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அந்த வீட்டில் அழுதால் கேட்பதற்கு யாருமில்லை என்பதால் கொஞ்சம் சத்தமாகவே அழுதாள்.

திங்கட்கிழமை பாலர் கூடத்து வாசலில் யுவஸ்ரீயின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு, குழந்தைக்குப் புதுக் கவுன் மாட்டி, இரண்டு குடுமியிலும் ரிப்பன் கட்டிக் கூட்டி வந்திருந்தாள். சேலத்துக்குப் போகக் கையில் தண்ணீர் பாட்டிலும் பையும். ஆபீஸில் டாக்டருக்குக் கொடுக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். சேலை கட்டி வந்த தெய்வநாயகியைப் பார்த்ததும் கிட்ட வந்தாள்.

"டீச்சர், என்ற புள்ளைக்கு ஏதாச்சும் கொறையுங்களா? ஊட்டுல ஓயாம பேசுதுங்க. அவுங்கப்பன்கிட்ட போன்ல அந்தப் பேச்சு பேசுது. இங்க யாருகிட்டயும் போறதில்லன்னு எழுதி வெச்சிருக்கறாங்களாம்."

டீச்சர் என்று ஒருவர் கூப்பிட வேண்டும் என்பதற்காகவும்தான் ஆடி மாதத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். அது இப்படியா வந்து சேர வேண்டும். யுவஸ்ரீ அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் இருங்கள், சீட்டு வாங்க வேண்டாம், நான் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெய்வநாயகி ரஞ்சனி மேடத்தின் அறைக்குப் போனாள். போனாள் என்பதைவிட ஓடினாள் என்பதுதான் சரி.

"மேடம், அந்தக் கடைசி வரி தப்புங்க. அந்தப் புள்ள வந்துச்சு. நாந்தான் பேசல."

ரஞ்சனிக்கு விளங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டாம் பக்கம் எனக்குக் கிடைக்கவில்லை என்று மட்டும் தெய்வநாயகி சொன்னாள். ஏன் கிடைக்கவில்லை என்பதையும் குழுவையும் பற்றி மூச்சு விடவில்லை. அன்று வராதவருக்குத் தனியாகச் சொல்லித் தராதது தன் தப்பும்தான் என்றாள் ரஞ்சனி. அந்த அம்மாவிடம் பேசிச் சேலம் போவதை நிறுத்தி வைக்கலாம், கடைசி வரியை மட்டும் அடித்துவிடலாம், மார்க் மார்க்காகவே இருக்கட்டும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அவள் இரக்கத்தோடுதான் சொன்னாள்.

தெய்வநாயகிக்கும் ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. டிபன் பாக்ஸ் வைக்கப் பார்த்து வைத்த இடம் கண்ணில் வந்து போனது. வரியை அடித்தாலும், பதினோரு நாள் வந்த குழந்தை பன்னிரண்டாம் நாள் காரணமில்லாமல் வராமல் போனதாகத்தான் அந்தக் குறிப்பேடு சொல்லும். நாளைக்கு யார் படித்தாலும் குழந்தையைத்தான் சந்தேகப்படுவார்கள். அவள் குறிப்பேட்டை வாங்கினாள். கடைசிப் பக்கத்தில், தறியில் அறுந்த நூலை முடிகிற அதே நிதானத்தோடு எழுதினாள்: குழந்தை பதினோரு நாள் வந்தது. நான் ஒரு நாளும் பதில் சொல்லவில்லை. அதனால் நின்றுவிட்டது. குறை குழந்தையிடம் இல்லை. கீழே கையெழுத்தும் போட்டாள். பார்வையாளரே குழந்தையின் போக்கை மாற்றிவிட்டார் என்று எழுத்தில் வந்துவிட்டால் குறிப்பேடு செல்லாது. தொண்ணூற்றெட்டு மார்க் அத்தோடு போயிற்று. அடுத்த பருவத்தில் முப்பது நாளையும் புதிதாக எழுத வேண்டும், பட்டயம் மற்றவர்களுக்குக் கிடைத்து ஆறு மாதம் கழித்துத்தான் வரும்.

வெளியே வந்து யுவஸ்ரீயின் அம்மாவிடம், புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல, தப்பு எங்களதுதானுங்க என்றாள். அந்த அம்மாவுக்கு நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. போட்ட லீவு வீணாயிற்று என்று முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். டீச்சர் என்று மறுபடி கூப்பிடவில்லை.

உதவி ஆசிரியை வேலை, அடுத்த மார்க் வாங்கியிருந்த கயல்விழிக்குப் போயிற்று. அந்தப் பெண்ணுக்கு உறுத்தியிருக்க வேண்டும். அந்த வாரமே தெய்வநாயகியைக் குழுவில் சேர்த்தாள், பெயரையும் நாங்க 25 என்று மாற்றினாள். இரண்டு பேர் கை கூப்பினார்கள், ஒருத்தி பூ அனுப்பினாள். அதன் பிறகு அந்தக் குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. வேறு ஒன்று ஆரம்பித்திருப்பார்கள் என்று புரிந்துகொள்ள அவளுக்குப் படிப்புத் தேவைப்படவில்லை. சத்தீஸ்கரிலிருந்து கந்தவேல் போன் பண்ணி, பொங்கலுக்குப் பன்னிரண்டு பேருக்கு வெல்லம் எவ்வளவு என்று கேட்டார். சொன்னாள்.

தை மாதம் புதுக் குறிப்பேட்டோடு மறுபடி அதே மூலையில் அதே நாற்காலி. குழந்தையை மாற்றிக்கொள்ளலாம் என்று ரஞ்சனி சொன்னாள். வேண்டாம் என்று யுவஸ்ரீயையே கேட்டு வாங்கினாள். குழந்தை இப்போது கயல்விழியிடம் ஒட்டிக்கொண்டிருந்தது. கயல்விழி ரிப்பன் கட்டிவிடும்போது தலையைக் காட்டிக்கொண்டு நிற்கும். மூலைப் பக்கம் மட்டும் திரும்பாது. முதல் நாள் தெய்வநாயகி சிரித்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. எழுதினாள். மூன்றாம் நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். அலமாரிக்குப் பின்னால் போய் நின்றது. எழுதினாள். எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் எழுத ஒன்றுமில்லை. பதினோரு நாள் காத்திருந்து அந்தக் குழந்தைக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது அவளுக்கு நேரம் போட்டுத் தெரிந்தது.

பதினாறாம் நாள் பத்து மணி எட்டு நிமிஷத்துக்கு யுவஸ்ரீ கூடையிலிருந்து சிவப்புக் கட்டையை எடுத்தது. மெதுவாக நடந்து வந்தது. மடியில் வைக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. நாற்காலிக் காலுக்கு ஒரு முழம் தள்ளித் தரையில் வைத்துவிட்டு, விறுவிறுவென்று அலமாரிக்குப் பின்னால் போய் ஒரு கண்ணால் எட்டிப் பார்த்தது.

தெய்வநாயகி நாற்காலியை விட்டுத் தரையில் இறங்கினாள். முழங்கால் இரண்டும் சடக்கென்றன. கட்டைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, எனக்குங்களா சாமி என்று கேட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு நீலக் கட்டை வந்தது. அவள் அதைச் சிவப்பின் மேல் வைத்தாள். அப்புறம் ஒரு மஞ்சள். நாலாவது கட்டை வைக்கும்போது எல்லாம் சரிந்து விழுந்தது. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது, அரை நொடிதான், உடனே அடங்கிவிட்டது. அவள் மறுபடி முதலிலிருந்து அடுக்கினாள். பதினொன்று அடித்து, மணியாகிவிட்டது அக்கா என்று கயல்விழி வந்து சொல்லும் வரை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

குறிப்பேடு நாற்காலியில் கவிழ்ந்து கிடந்தது. பதினாறாம் நாள் பக்கத்தில் தேதியைத் தவிர ஒரு எழுத்து இல்லை. வாரக் கடைசியில் ரஞ்சனி மேடம் அந்தப் பக்கத்துக்கு ஐந்து மார்க் குறைத்து, ஏன் காலி என்று சிவப்பு மையில் கேட்டிருந்தாள். தெய்வநாயகி அதற்குக் கீழே, வேலை இருந்தது, அதனால் எழுதவில்லை என்று எழுதினாள். பையை மாட்டிக்கொண்டு தனியாக மல்லசமுத்திரம் பஸ்ஸுக்குப் போய் நின்றாள்.